ஆனந்தராசா எடுத்த பெட்டி

தன் வான் வண்டியை விற்ற காசோடு ஜெயரூபி உள்துறைமுக வீதிக்குப் போய், ஆனந்தராசாவின் வாகனச் சாமான் கடைக்கு நேர் எதிரே பூட்டிக்கிடந்த ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். அதைவிட நல்ல அறை பஸ் நிலையத்தடியில் இருந்தது. வாடகையும் குறைவு. ஏன் இந்த இடம் என்று அவளுடைய மனுசன் விமலேந்திரன் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் ஒன்றுதான்.

"இஞ்ச இருந்தாத்தான் அவற்ற முகம் தெரியும்."

விமலேந்திரனுக்குச் சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற பக்கத்தில் காவல் வேலை. சண்டை சச்சரவுக்குப் போகாத மனுசன். இந்தக் கோபம் அடங்கிவிடும் என்று ஒரு வருசமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் அது அடங்கப்போவதில்லை என்று விளங்கிக்கொண்டான்.

ஜெயரூபி திரியாயில் பிறந்தவள். கலியாணம் கட்டித் துறைமுகப் பட்டணமான ரவுணுக்கு வந்து, முதலில் ஓட்டோ ஓட்டினாள். பிறகு கடன்பட்டு ஒரு பழைய ஜப்பான் வானை வாங்கி நிலாவெளி ஹோட்டல்களில் தங்குகிறவர்களை ஏற்றி ஹயர் ஓடினாள். தனியே வருகிற வெளிநாட்டுப் பெண்கள் பெண் ஓட்டுனர்தான் வேண்டும் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் ஹோட்டல்காரர் யோசிக்காமல் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்பாள். ஊரில் அவளுக்கு இருந்த சொத்து அந்தப் பேர்தான்.

ஒருநாள் வானின் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற தட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் சூடானால் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். சீனன்குடா வீதியில் கராஜ் வைத்திருக்கிற இஹ்ஸான் கொம்பியூட்டரைப் பூட்டிப் பார்த்துவிட்டு, கிராங்க் சென்சர் போய்விட்டது என்றான். எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் கொம்பியூட்டருக்குச் சொல்கிற விரலளவு சாமான் அது. அது ஊமையானால் வண்டி நடுறோட்டில் நிற்கும்.

"எல்லாச் சென்சருக்கும் ஒறிஜினல் தேவையில்ல அக்கா. சூடு பாக்கிற சென்சர் போனா வேற கொம்பனிச் சாமான் போட்டுச் சமாளிக்கலாம், நானே சொல்லுவன். இதுக்கு மட்டும் ஏலாது. இதுக்கு ஒறிஜினல்தான் போடோணும்."

இஹ்ஸான் சொன்னபடி அவள் ஆனந்தராசாவின் கடைக்குப் போனாள். ரவுணில் வாகனச் சாமான் என்றால் முதலில் வாயில் வருகிற பேர் அவருடையது. திருநீறு பூசின நெற்றி, மெல்லிய குரல், வருகிறவர்களுக்கெல்லாம் கதிரை போடுகிற பண்பு. அவர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று வேறு கொம்பனி. மற்றது வாகனக் கொம்பனியின் பேரும் முத்திரையும் போட்ட ஒறிஜினல். விலை மும்மடங்கு. அண்ணனின் மகள் கௌசிகாவின் கலியாணம் அடுத்த கிழமை வருகிறது, கலியாணப் பொம்பிளையை ஏற்றிவரப்போவது அவளுடைய வான்தான். அவள் யோசிக்காமல் முத்திரை போட்டதை எடுத்தாள். கெட்டிக்காரி, உயிரோடு விளையாடக்கூடாது பிள்ளை என்று ஆனந்தராசா மெச்சினார். அந்த மெச்சலைத்தான் பிறகு அவளால் மறக்க முடியவில்லை.

கலியாணத்தன்று திரியாயிலிருந்து விடியவே வெளிக்கிட்டார்கள். ரவுணில் கோயிலில் தாலிகட்டு. குச்சவெளி தாண்டும்வரை வான் தண்ணீர்போல ஓடியது. இறக்கக்கண்டிப் பாலத்துக்கு ஏறின இடத்தில் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஆறவிட்டு எடுத்தாள், பாலத்தின் நடுவில் திரும்பவும் நின்றது. உள்ளே பட்டுச்சேலையோடு பொம்பிளை, தட்டுகளோடு தோழிகள், வேர்த்து வழிகிற அண்ணி. அண்ணன் இறங்கி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வாகனம் ஒன்றும் அந்த நேரத்துக்கு அகப்படவில்லை. கடைசியில் கடற்கரை மீன்வாடியிலிருந்து ரவுணுக்கு மீன் ஏற்றிப்போன லொறிதான் நின்றது. பொம்பிளையை முன் சீட்டில் ஏற்றி அனுப்பினார்கள்.

முகூர்த்தம் கடந்துதான் தாலி ஏறியது. மாப்பிள்ளையின் தாய் பொம்பிளைக்குக் கிட்டப் போகும்போது சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தினா. படம் எடுத்தவன் அதையும் எடுத்துவிட்டான். ஜெயரூபி கட்டியிழுத்த வானோடு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது சாப்பாடு முடிந்திருந்தது. அண்ணன் அவளைப் பார்த்து, என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையில மண் போட்டிட்டாய் என்றான். அதற்குப் பிறகு அவன் அவளுடன் கதைக்கவில்லை.

அடுத்தநாள் இஹ்ஸான் சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஒறிஜினல் சாமானில் இலக்கம் அச்சோடு வார்க்கப்பட்டிருக்கும், நகத்தால் சுரண்டினால் போகாது. இதில் மையால் அடித்த இலக்கம், பாதி அழிந்திருந்தது. பெட்டி ஒறிஜினல் மாதிரி, உள்ளே இருந்தது எந்தக் கொம்பனியும் தன்னுடையது என்று சொல்லாத சாமான். பூட்டும்போது பெட்டியின் முத்திரையைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று இஹ்ஸான் தலையைச் சொறிந்தான்.

அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே ஆனந்தராசாவிடம் போனாள். சண்டை பிடிக்க நினைத்துப் போகவில்லை. பிழை நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் போனாள். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள், ஹயர் ஸ்டாண்ட் ஆட்களும் இருந்தார்கள். ஆனந்தராசா சென்சரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் கவலைப்பட்ட முகத்தோடு, எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார்.

"தங்கச்சி, நான் தந்தது ஒறிஜினல். அதை வித்துப்போட்டு, எங்கேயோ வாங்கின சாமானைக் கொண்டுவந்து என்னட்டத் தாறாய். கஷ்டமெண்டா கேட்டிருக்கலாமே. இப்பிடிச் செய்வாயெண்டு நான் நினைக்கேல்லை."

கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவர் இரக்கப்பட்டார். கடையில் நின்றவர்களும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவள் சாமானைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள்.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஜெயரூபி சாமான் மாற்றி ஏமாற்றப் பார்த்தவள் என்ற கதை ஹயர் ஸ்டாண்டிலிருந்து நிலாவெளிக்குப் போனது. ஒரு ஹோட்டல் கூப்பிடுவதை நிறுத்தியது, பிறகு மற்றதும் நிறுத்தியது. வாகனத்தில் கோளாறு, ஆளிலும் கோளாறு என்று யாரோ சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. சாமான் வாங்கி ஏமாந்த பாவனையாளரின் முறைப்பாடு எடுக்கிற அலுவலகத்துக்கும் போய் எழுதிக்கொடுத்தாள். அவர்கள் வந்து ஆனந்தராசாவின் கடையைத் தட்டுத் தட்டாகப் பார்த்தார்கள். அன்றைக்குத் தட்டில் இருந்ததெல்லாம் சரியான சாமான். வருகிறவர்கள் வருமுன்பே அவருக்குச் சேதி போயிருக்கும் என்று விமலேந்திரன் சொன்னான். விடு ரூபி, கடவுள் பார்ப்பார் என்றும் சொன்னான்.

அவள் விடவில்லை. அவருடைய கடைக் கண்ணாடியில் கல் எறிவதாகக் குசினிக்குள் நின்று நினைத்துப் பார்ப்பாள். வெங்காயம் வெட்டும்போது நினைப்பாள். ஆனால் கல் எறிந்தால் அவர் இன்னும் பாவப்பட்ட மனுசனாகிவிடுவார். அது அவளுக்குத் தெரிந்தது. அவர் எதைக் கொண்டு பிழைக்கிறாரோ அதைத்தான் எடுக்கவேண்டும். அவருடைய மேசையடிக்கு வருகிற ஆட்களை எடுக்கவேண்டும்.

அப்படித்தான் வானை விற்றாள். கொழும்புக்குப் போய், வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். முதலில் கடைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு இந்தப் பொம்பிளை வாங்காமல் போகமாட்டாள், ஏமாறவும் மாட்டாள் என்று கண்டு ஒழுங்காகக் கதைத்தார்கள். எந்தச் சாமானை எந்தக் கொம்பனி உண்மையில் செய்கிறது, எது ஒரே தொழிற்சாலையில் செய்து இரண்டு பெட்டியில் வருகிறது, எது ஜப்பானில் உடைத்த வாகனத்திலிருந்து கழற்றி வந்தது என்று கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள்.

கடையில் மூன்று தட்டு அடித்தாள். மேலே ஒறிஜினல். நடுவில் நம்பக்கூடிய வேறு கொம்பனி. கீழே பழைய வாகனத்தில் கழற்றின ரீகண்டிஷன். ஒவ்வொன்றிலும் அது என்னவென்று பெரிதாகத் தமிழில் ஒட்டியிருந்தாள். பிறகு ஒரு ஒறிஜினல் கிராங்க் சென்சரையும் ஒரு போலியையும் இஹ்ஸானைக் கொண்டு நடுவால் அறுத்தாள். ஒன்றுக்குள் செப்புக்கம்பி நூல்கட்டைபோல நெருக்கமாகச் சுற்றியிருந்தது. மற்றதற்குள் பாதிக்கம்பி, மிச்சம் வெறும் பிசின். இரண்டையும் ஒரு பலகையில் ஆணியடித்துக் கடை வாசலில் தொங்கவிட்டாள். ஆனந்தராசா தன் கதிரையில் இருந்து நிமிர்ந்தால் அதுதான் தெரியும். பலகையில் அவருடைய பேர் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் பலகையைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார்கள்.

முதல் சில மாதம் ஈ ஓட்டினாள். வந்த ஒன்றிரண்டு பேரிடமும் அவள் கேட்கிற கேள்வி வேறு. சென்சர் வேண்டும் என்று வந்தால், வயர் வந்து சேருகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பாள். துறைமுகக் காற்றில் உப்பு. பிளக்கின் ஊசிகளில் பச்சையாகப் பூத்தாலும் அதே மஞ்சள் விளக்குத்தான் எரியும். முதலில் இஹ்ஸானிடம் போய்ச் சுத்தம் பண்ணிப்பாருங்கோ, சரிவராட்டி வாங்கோ என்று அனுப்பிவிடுவாள். புகைக்குழாயில் பூட்டுகிற சென்சருக்கு ஒறிஜினல் கேட்டு வந்தவருக்கு, அதைச் செய்கிற கொம்பனியே தன் பேரில் விற்கிறது, அதே சாமான், பாதி விலை என்று நடுத்தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். விற்கக்கூடியதை விற்காமல் அனுப்புகிற கடையை ரவுண் அதுவரை கண்டதில்லை. அனுப்பப்பட்ட ஆள் போய்ப் பத்துப் பேருக்குச் சொன்னான்.

ஜெயரூபி மாதிரி நேர்மையான பிள்ளை இந்தக் காலத்தில் கிடையாது என்று சனம் சொல்லத் தொடங்கியது. கோயில் சபைக்காரர் ஒருவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்றுகூடச் சொன்னார். அவள் உள்ளுக்குள் சிரித்தாள். ஒரு ஆளை ஒன்றும் விற்காமல் திருப்பி அனுப்புகிறபோது, அந்த ஆள் இனி எதிர்க்கடைக்குப் போகமாட்டான் என்ற எண்ணம்தான் அவளுக்கு நெஞ்சில் இனிக்கும். தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்று, எதிரே பார்ப்பாள். முன்பு ஆட்கள் முட்டிமோதி நின்ற மேசையடியில் ஆனந்தராசா தனியே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நூறு வீதம் ஒறிஜினல் என்று புதுப் பலகை வைத்தார். அவள் சீனச்சாமான் விற்கிறாள் என்று கதை பரப்பினார். கேட்டவர்கள், ஓமண்ணை, சீனச்சாமானெண்டு அவவே ஒட்டிவைச்சுத்தானே விக்கிறா என்றார்கள். ஒருநாள் அவர் கதிரையைத் திருப்பி, வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அன்றைக்கு ஜெயரூபி வீட்டுக்குப் போகும் வழியில் நல்ல மீனாக வாங்கிக்கொண்டு போனாள்.

அவரிடம் வாங்கி ஏமாந்தவர்கள் போலியைப் பெட்டியோடு கொண்டுவந்து அவளிடம் காட்டுவார்கள். அவள் அவற்றை வாங்கி மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போட்டுவைத்தாள். என்ன செய்வதற்கு என்று அவளுக்கே அப்போது தெரியாது.

மூன்றாம் வருசம், ஒரு காலைவேளை, ஆனந்தராசாவின் மனுசி புஸ்பராணி வீதியைக் கடந்து அவளுடைய கடைக்குள் வந்தா. நல்ல மனுசி. அந்தக் கதை ஊரெல்லாம் அடிபட்ட காலத்திலும் ஜெயரூபியைக் கண்டால் தலையசைத்துவிட்டுப் போனவ. கண் வைத்தியத்துக்காக மாதாமாதம் கண்டிக்குப் போகவேண்டியிருந்தது. போன தடவை ஹபறணைக் காட்டுக்குள் அவர்களுடைய கார் நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டின தூரத்தில் யானை. இஹ்ஸான் பிளக்கைச் சுத்தம் பண்ணியும் பார்த்துவிட்டான், வயரையும் பார்த்துவிட்டான், கிராங்க் சென்சர்தான் போயிருக்கிறது.

"ஒறிஜினல் ஒண்டு தா பிள்ளை. வீட்டில சொல்லாமல் வந்தனான்."

"உங்கட கடையில இருக்குமே அக்கா."

புஸ்பராணி நிலத்தைப் பார்த்தா. "எங்கட கடைப் பெட்டி எனக்கு வேண்டாம்."

இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும் என்று வேறொருத்திக்குத் தோன்றியிருக்கும். ஜெயரூபிக்கு அந்த நேரம் மேசை லாச்சிதான் ஞாபகம் வந்தது. கிண்ணியாவில் அதே வகைக் காரில் ஹயர் ஓடுகிற பாயிஸ் ஆனந்தராசாவிடம் வாங்கி ஏமாந்த கிராங்க் சென்சர் லாச்சிக்குள் பெட்டியோடு கிடந்தது. அதை எடுத்து இந்த மனுசியின் கையில் கொடுத்தால், அவருடைய சாமான் அவருக்கே போய்ச் சேரும். காட்டுக்குள் திரும்பவும் நின்றுபோய், அந்தத் திருநீற்று நெற்றி வேர்க்கட்டும். கை லாச்சியின் பிடிவரை போனது.

ஆனால் நிற்கிற காருக்குள் இந்த மனுசியும் இருப்பா. அதைவிட, யாரும் பார்க்கமாட்டார்கள். யாரும் பார்க்காத இடத்தில் அவர் வேர்ப்பதால் அவளுக்கு என்ன லாபம்.

"அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா," என்றாள். "அவற்ற கையிலதான் தருவன். இல்லாட்டி இல்லை."

மற்றநாள் காலை அவர்கள் வந்தார்கள். மனுசி என்ன சொல்லிக் கூட்டிவந்தாவோ தெரியாது, ஆனந்தராசா படியேறும்போதே முகம் கறுத்திருந்தது. ஜெயரூபி இஹ்ஸானை வரச்சொல்லியிருந்தாள். பாயிஸும் ஸ்டாண்டில் நின்ற இன்னும் சிலரும் வந்து நின்றார்கள். அவள் கதிரை போட்டாள். அவர் இருக்கவில்லை.

அவள் மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே பேர், ஒரே முத்திரை. தன் கடை ஒட்டுச்சீட்டை முதலே உரித்திருந்தாள்.

"ஒண்டு உங்கட கடையில வாங்கினது அண்ணை. மற்றது நான் கொழும்பில எடுத்தது. உங்களுக்கு எது வேணுமோ அதை எடுங்கோ."

இரண்டும் ஒன்றுதானே என்று அவர் சொல்லியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், அவள் தோற்றிருப்பாள். ஆனால் மனுசி பக்கத்தில் நின்றா. அடுத்த கண்டிப் பயணம் வந்துகொண்டிருந்தது. ஆனந்தராசா முதல் பெட்டியைத் திறந்தார். சென்சரை எடுத்துத் திருப்பி, இலக்கத்தில் பெருவிரல் நகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். உடனே அதைப் பெட்டிக்குள் போட்டு மூடி, ஒரு விரலால் அப்பால் தள்ளினார். மற்றதைத் திறந்து அதே மாதிரிச் சுரண்டினார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். கண்மூடித் திறக்கிற நேரம்தான். பழகின கை.

அவர் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தபோதுதான், என்ன செய்துவிட்டேன் என்று அவருக்கு விளங்கியது.

"எனக்குத் தரக்குள்ள இப்பிடி நகத்தால சுரண்டிப் பாக்கல்லையே அண்ணன்," என்றான் பாயிஸ். ஆத்திரமாகச் சொல்லவில்லை, கேட்கிறமாதிரித்தான் சொன்னான்.

"தள்ளி வைச்சதுதான் உங்கட கடைச் சாமான்," என்றாள் ஜெயரூபி. "அப்ப தெரிஞ்சுதான் தந்தனீங்கள். எனக்கும் தெரிஞ்சுதான் தந்தனீங்கள்."

"தங்கச்சி, வியாபாரமெண்டா..."

"வியாபாரத்தைக் கேக்கேல்லை. நான் சாமான் மாத்தினனான் எண்டு அண்டைக்குச் சொன்னனீங்கள். இவையளும் நிண்டவை. இப்ப சொல்லுங்கோ, மாத்தினது ஆர்?"

ஆனந்தராசா வாசலைப் பார்த்தார். வாசலில் இஹ்ஸான் நின்றான். அது பிழைதான் என்று வாய்க்குள் சொன்னார். கேட்கவில்லை என்றாள். இரண்டாம் தரம் கொஞ்சம் கூடச் சத்தமாக, நீ மாத்தேல்லை என்றார். அவள் தலையசைத்து, அவரிடமிருந்து சென்சரை வாங்கிக் கடையில் வழக்கமாகப் பாவிக்கிற கடதாசி உறையில் போட்டு, மற்ற ஆட்களுக்குக் கொடுக்கிறமாதிரியே உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு யாரையும் பாராமல் படியிறங்கிப் போனார்.

புஸ்பராணி போகவில்லை. அவவுடைய கண் நனைந்திருந்தது. வைத்தியத்தாலோ வேறெதாலோ தெரியாது.

"அவர் செய்ததுக்கு அவரைக் கூப்பிட்டாய், சரி. என்னை ஏன் பாக்க வைச்சனி?"

"என்ர மருமகள் மீன் லொறியில போனதை என்ர அண்ணன் பாத்துக்கொண்டுதான் நிண்டவர் அக்கா."

புஸ்பராணி திரும்பி நடந்தா. அதன் பிறகு வழியில் கண்டாலும் தலையசைப்பதில்லை. ஜெயரூபிக்கு அது உறைத்தது. ஆனால் வேறுவிதமாகச் செய்திருக்கலாம் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய், பகலிலேயே பாயைப் போட்டுப் படுத்து, நெடுநாளைக்குப் பிறகு கனவில்லாமல் நித்திரை கொண்டாள்.

கதை வீதியின் இரண்டு பக்கமும் அன்றே போய்விட்டது. தீபாவளிக்கு முதல் ஆனந்தராசா சாமான் கடையை மூடி, வாகன ரயர் மட்டும் விற்றுப்பார்த்தார். அதுவும் ஓடவில்லை. பிறகு வவுனியாவில் மகன் வீட்டோடு போய்விட்டார்கள் என்று கேள்வி. நிலாவெளி ஹோட்டல்காரர் ஒருவர் வந்து, பழையபடி வான் ஓட்டுவாயா என்று கேட்டார். வான் இல்லை என்றாள். மறுநாளும் கேட்டார், விருப்பமில்லை என்றாள். அண்ணனுக்கும் யாரோ போய் நடந்ததைச் சொன்னார்கள். அவன் வரவில்லை. கௌசிகா மட்டும் ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, மாமி, என்ர மாமியார் இன்னும் என்னை மீன் லொறிப் பொம்பிளை எண்டுதான் சொல்லுறவ என்று சொல்லிச் சிரித்தாள். ஜெயரூபியால் சிரிக்க முடியவில்லை. ஆனந்தராசாவை எவ்வளவு தூரம் துரத்தினாலும் அந்தப் பேர் போகாது என்று தெரிந்தபோது, அடங்கியது என்று நினைத்த சூடு திரும்பவும் ஏறியது.

எதிர்க்கடையில் இப்போது தொலைபேசி திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இனி இந்த மூலையில் ஏன் இருக்கவேண்டும், பஸ் நிலையத்தடிக்குப் போவோமா என்று விமலேந்திரன் கேட்டான். அவள் மேசையில் ஒரு புதுப் பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே இருந்த சென்சரின் இலக்கத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மை ஒட்டிக்கொண்டு வந்தது. மூதூர்ப்பக்கம் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், அங்கே வாங்கினதாம் என்று, பெட்டியைக் கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மூதூரில அந்தக் கடைக்கு எதிர வாடகைக்கு அறை இருக்குமோ எண்டு ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ," என்றாள் மனுசனிடம்.